ஒரு கம்பியை நம்பி...



மலர்க்குழுவிலிருந்து போன் வந்தபோது ஹாஸ்டல் நாட்களைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். மெஸ் சாம்பார், செமஸ்டருக்கு முந்தின ராத்திரி, வைவாவில் திருதிருவென்று முழித்தது... ஆனா அதையெல்லாம் என்னை விட நன்றாக எழுதுகிறவர்கள் நம்மிடம் நிறைய பேர் இருக்கிறார்கள். அதனால் எனக்குச் சோறு போடுகிற ஒரு கம்பியைப் பற்றியும், அந்தக் கம்பிக்குக் காரணமான ஒரு மனிதரைப் பற்றியும் எழுதுகிறேன்.

ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் லேபில் மூலையில் ஒரு ஃபடீக் டெஸ்டிங் மெஷின் இருக்குமே, ஞாபகம் இருக்கா? மாதிரித் துண்டை மாட்டி மோட்டாரைப் போட்டால் அது பாட்டுக்குச் சுற்றிக்கொண்டே இருக்கும். உடைகிற வரைக்கும் நாம் வெளியே போய் டீ குடித்துவிட்டு வரலாம். 2011-ல் மெக்கானிக்கல் முடித்து வெளியே வந்த நான், அந்த மெஷினைப் படிக்கிற காலத்தில் பெரிதாக மதித்ததே இல்லை. இன்று என் பிழைப்பே அந்தப் பாடத்தில்தான்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் தலைமுடி பருமன் உள்ள உலோகக் கம்பியைச் சுருளாகச் சுற்றுகிறோம். அந்தச் சுருள் வேறோர் இடத்துக்குப் போய், சிலிக்கோன் ரப்பர் குழாய்க்குள் நுழைந்து, முனையில் பிளாட்டினம்-இரிடியம் மின்முனை மாட்டிக்கொண்டு, கடைசியில் ஒரு மனிதரின் இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்குள் போய் உட்காருகிறது. இந்தத் தொழிலில் அதற்கு 'லீட்' என்று பெயர். காரை எலும்புக்குக் கீழே, தோலுக்கடியில், பேஸ்மேக்கரோ டிஃபிப்ரிலேட்டரோ இருக்கும். அந்தப் பெட்டியிலிருந்து இதயம் வரைக்கும் மின்சாரம் போக வர உதவும் ஒயர்தான் லீட்.

இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சம். ஒரு வருஷத்துக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். ஒவ்வொரு துடிப்புக்கும் இந்த ஒயர் வளைந்து நிமிர வேண்டும். பத்து வருஷத்துக்கு மேல் உடையாமல் இருக்க வேண்டும். நாம் என்னடாவென்றால் ஒரு கோடி சுற்று தாங்கினாலே என்டியூரன்ஸ் லிமிட் வந்துவிட்டது என்று ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுவோம்!

இதில் இரண்டு ரகம் உண்டு. பேஸ்மேக்கர் லீடில் போவது சின்ன மின்சாரம். இரண்டு மூன்று வோல்ட், சில மில்லி ஆம்பியர், அரை மில்லி செகண்ட். தூங்கும் ஆளைத் தோளில் தட்டி எழுப்புகிற மாதிரி. இரண்டாவது ரகம் டிஃபிப்ரிலேட்டர் லீட். இதில் 700 வோல்ட்டுக்கு மேல், பத்துப் பதினைந்து ஆம்பியர், சில மில்லி செகண்டுக்குள் பாய வேண்டும். வருஷக்கணக்கில் சும்மா வளைந்து கொடுத்துக்கொண்டிருந்துவிட்டு, ஒரே ஒரு நாள், கூப்பிட்ட அந்த நொடியில் இடியைத் தாங்க வேண்டும். இந்த இரண்டாவது ரகம் உலகத்துக்கு வரக் காரணமானவர்தான் மிஷெல் மிரோவ்ஸ்கி. இருதய டாக்டர்கள் எல்லோருக்கும் தெரிந்த பெயர். எஞ்சினியர்களுக்கும் தெரிய வேண்டிய பெயர் என்பது என் கட்சி.

வார்ஸாவில் ஒரு பையன்

1924 அக்டோபர் 14-ல் போலந்தின் தலைநகர் வார்ஸாவில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பெற்றோர் வைத்த பெயர் மொர்தெகாய் ஃப்ரிட்மன். 1939 செப்டம்பரில் ஹிட்லரின் படை போலந்துக்குள் நுழைந்தது. இந்தப் பெயரோடு பையன் தெருவில் நடக்க முடியாது என்று அவர் அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. போலந்துக்காரர் பெயர் போல மிரோவ்ஸ்கி என்று மாற்றினார். பிற்காலத்தில் உலகம் முழுக்கத் தெரிந்த பெயர், உயிர் பிழைப்பதற்காக அப்பா போட்டுக் கொடுத்த வேஷம்!

பையனுக்கு அப்போது 15 வயது. வீட்டை விட்டு, ஊரை விட்டு, ஒரு நண்பனோடு கிழக்கே சோவியத் எல்லையை நோக்கிக் கிளம்பிவிட்டான். பதினைந்து வயதில் நாம் பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கே அம்மா போட்டுக் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு படித்தவர்கள். இந்தப் பையன் ஐந்து வருஷம் சோவியத் நாட்டில் ஊர் ஊராக அலைந்து, கிடைத்த வேலையைச் செய்து, பசியைத் தாங்கி உயிரோடு இருந்தான். போரின் கடைசிக் கட்டத்தில் போலந்துப் படைப்பிரிவு ஒன்றோடு திரும்பி வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. குடும்பத்தில் மிஞ்சியவர் அவர் ஒருவர்தான்.

1946-ல் போலந்தின் க்தான்ஸ்க் நகரில் மருத்துவப் படிப்பில் சேர்ந்தார். ஆனால் எல்லாம் போன மண்ணில் அவரால் இருக்க முடியவில்லை. பாலஸ்தீனத்துக்குப் போனார். அங்கே அப்போது மருத்துவக் கல்லூரியே இல்லை. அதனால் பிரான்ஸில் லியோன் நகருக்குப் போனார். அவருக்குப் பிரெஞ்சு தெரியாது! முதல் நாள் வகுப்பில் ஒரு வார்த்தை புரியாமல் உட்கார்ந்து, மொழியையும் மருத்துவத்தையும் ஒன்றாகவே கற்று டாக்டரானார். தமிழ் மீடியத்திலிருந்து வந்து, முதல் செமஸ்டரில் எஞ்சினியரிங் கிராஃபிக்ஸ் வகுப்பில் விழித்த என்னைப் போன்ற ஆட்களுக்கு இந்த இடம் நன்றாகவே புரியும்.

பட்டம் வாங்கியதும் இஸ்ரேலுக்குத் திரும்பி, தெல் ஹஷோமர் ஆஸ்பத்திரியில் ஹாரி ஹெல்லர் என்ற பெரிய டாக்டரிடம் வேலைக்குச் சேர்ந்தார். ஹெல்லர் அவருக்கு மேலதிகாரி மட்டும் அல்ல, குரு. பிறகு இருதய மருத்துவம் கற்க மெக்சிகோ நகரம், அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் என்று பல இடங்களுக்குப் போனார். 1963-ல் இஸ்ரேல் திரும்பி, அசாஃப் ஹரோஃபே ஆஸ்பத்திரியில் ஒரே இருதய டாக்டராக உட்கார்ந்தார். மனைவி அன்னா, மூன்று பெண்கள். வாழ்க்கை ஒரு வழியாக நிலைக்கு வந்துவிட்டது.

சாப்பாட்டு மேஜையில்...

1966-ல் ஹெல்லருக்கே இதயத் துடிப்பு திடீர் திடீரென்று தறிகெட்டு ஓட ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள், அடங்கும். வீட்டுக்குப் போவார், மறுபடி வரும். இது ஒரு நாள் உயிரை வாங்கிவிடும் என்று மிரோவ்ஸ்கிக்குத் தெரியும். என்ன செய்வது? அந்த மனிதரை ஆயுள் பூராவும் ஆஸ்பத்திரிப் படுக்கையில் வைத்திருக்க முடியுமா? முடியாது. வீட்டுக்கு அனுப்பினால் பக்கத்தில் யார் இருப்பார்கள்? கடைசியில் குடும்பத்தோடு சாப்பிட உட்கார்ந்திருந்தபோதே ஹெல்லர் சரிந்தார். அவ்வளவுதான்.

அங்கே என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இதயத்தின் கீழறைகள் ஒழுங்காகச் சுருங்கினால்தான் இரத்தம் ஓடும். சில சமயம் மின்சார ஒழுங்கு குலைந்து, தசையின் ஒவ்வொரு பகுதியும் தன் இஷ்டத்துக்குத் துடிக்க ஆரம்பிக்கும். இதயம் புழுக்கூட்டம் போல நெளியும், இரத்தம் வெளியே வராது. இதற்கு வெண்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷன் என்று பெயர். ஆள் சில நொடிகளில் மயங்கிவிடுவார், சில நிமிடங்களில் மூளை போய்விடும். ஒவ்வொரு நிமிடத் தாமதத்துக்கும் பிழைக்கிற வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறையும். இதற்குச் சரியான மருந்து ஒரே ஒரு பலமான ஷாக். வகுப்பு பூராவும் கத்திக்கொண்டிருக்கும்போது வாத்தியார் மேஜையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினால் எல்லோரும் ஒரே நொடியில் அமைதியாவோமே, அந்த மாதிரி. தசை முழுவதும் ஒன்றாக அடங்கியதும், இதயத்தின் இயற்கையான தாளம் மறுபடி ஆரம்பிக்கும்.

1960-களில் இந்த ஷாக் கொடுக்கும் மெஷின் ஆஸ்பத்திரியில் இருந்தது. எடை முப்பது நாற்பது பவுண்டு. பேஸ்மேக்கர் மாதிரி இதையும் உடம்புக்குள் வைத்துவிட்டால் என்ன என்று மிரோவ்ஸ்கி யோசித்தார். தெரிந்த டாக்டர்களிடம் கேட்டார். நடக்காத காரியம் என்றார்கள். அவர் எஞ்சினியர் இல்லை. அதனால் ஏன் நடக்காது என்பது அவருக்கு முழுசாகத் தெரியாது. அதுவே ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று!

இஸ்ரேலில் இதற்கு வசதி இல்லை. 1968-ல் குடும்பத்தோடு அமெரிக்காவின் பால்டிமோருக்குப் போய், சைனாய் ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவின் தலைவராகச் சேர்ந்தார். பாதி நேரம் ஆராய்ச்சிக்கு என்பது ஏற்பாடு. அங்கே மார்ட்டன் மோவர் என்ற இளம் டாக்டர் கூட்டாளியாகக் கிடைத்தார். 1969 ஜூலையில் வேலையைத் தொடங்கினார்கள். ஆகஸ்டில் ஒரு நாயிடம் முதல் மாதிரி வேலை செய்துவிட்டது. ஒரே மாதம்! அந்த மாதிரியை மனிதருக்குள் வைக்கத்தான் பத்தரை வருஷம் ஆனது.

பெட்டியைச் சின்னதாக்கியது எது?

இந்த இடத்தில் கொஞ்சம் கணக்கு. ஜூனியர்கள் பயப்பட வேண்டாம், அரை சி வி ஸ்கொயர்தான்.

மார்புக்கு வெளியே இருந்து ஷாக் கொடுக்க அந்தக் காலத்தில் 400 ஜூல் வரை தேவைப்பட்டது. காரணம், தோல், விலா எலும்பு, நுரையீரல் என்று வழியிலேயே பெரும்பகுதி மின்சாரம் பிரிந்து போய்விடும். இதயத்துக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அந்த 400 ஜூலைச் சேமிக்கிற கெபாசிட்டரை யாருடைய உடம்புக்குள் வைப்பது? நிபுணர்கள் சிரித்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். கணக்கு சரி. ஆனால் மின்முனையை இதயத்துக்கு உள்ளேயோ, அதன் மேலேயோ வைத்துவிட்டால்? 25 ஜூல் போதும்! 700 வோல்ட்டில் 25 ஜூலுக்குச் சுமார் 100 மைக்ரோஃபாரட். கேமரா ஃபிளாஷில் வருகிற மாதிரி கெபாசிட்டர். பதினாறில் ஒரு பங்கு.

ஆக, பெட்டியைச் சின்னதாக்கியது பெட்டிக்குள் செய்த வித்தை மட்டும் அல்ல. கம்பியின் முனை எங்கே இருக்கிறது என்பதுதான் முதல் காரணம். மிரோவ்ஸ்கியும் மோவரும் ஆரம்பத்திலிருந்தே இரத்தக் குழாய் வழியாக உள்ளே போகும் கதீட்டரைப் பிடித்துக்கொண்டதற்கு இதுதான் காரணம். ஒரே கதீட்டரில் இரண்டு மின்முனைகளையும் வைத்து, நெஞ்சைத் திறக்காமலேயே ஷாக் கொடுக்க முடியும் என்று 1970-களின் தொடக்கத்திலேயே காட்டினார்கள்.

ஷாக் கொடுப்பது பாதி வேலைதான். எப்போது கொடுப்பது என்று தெரிய வேண்டாமா? முதல் மாதிரியில் இதயத்துக்குள் இரத்த அழுத்தத்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். அதில் ஒரு சிக்கல். சென்ஸாரோ கம்பியோ பழுதானாலும் அழுத்தம் பூஜ்யம் என்றுதான் காட்டும். ஆள் ஜம்மென்று உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது மெஷின் ஷாக் அடித்துவிட்டால்? அதனால் பிறகு இதயத்தின் மின் அலையையே கவனிக்கும் முறைக்கு மாறினார்கள். நல்ல துடிப்பில் அலை பெரும்பாலான நேரம் நடுக்கோட்டில் ஓய்வாக இருக்கும். ஃபிப்ரிலேஷனில் அந்த ஓய்வே இருக்காது. நடுக்கோட்டில் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று அளந்தால் போதும். ரொம்ப எளிமையான, அழகான யோசனை!

எதிர்ப்பு

1970-ல் முதல் ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது. 1972-ல் இந்தத் துறையின் மிக முக்கியமான பத்திரிகை ஒன்றில் பெர்னார்ட் லௌன் இன்னொருவரோடு சேர்ந்து இந்தக் கருவியைக் கடுமையாக விமர்சித்து எழுதினார். லௌன் சாதாரண ஆள் இல்லை. இன்று உலகமெல்லாம் பயன்படுகிற டி.சி. டிஃபிப்ரிலேட்டரைக் கொண்டுவந்தவரே அவர்தான். அவர் துணை நிறுவனராக இருந்த டாக்டர்கள் அமைப்புக்கு 1985-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அப்படிப்பட்டவர், இது குறையுள்ள கருவி, இதற்கு உருப்படியான உபயோகமும் இல்லை என்ற பொருளில் எழுதினால் யார் பணம் கொடுப்பார்கள்? ஆராய்ச்சி நிதி கிடைக்கவில்லை. ஆர்வம் காட்டிய ஒரு பெரிய பேஸ்மேக்கர் கம்பெனியும் இதற்குச் சந்தை கிடையாது என்று விலகிவிட்டது.

நியாயமாகப் பார்த்தால் லௌன் கேட்ட கேள்விகள் எல்லாமே அபத்தம் அல்ல. யாருக்கு எப்போது இந்தத் துடிப்பு வரும் என்று அன்று சொல்லத் தெரியாது. மருந்தாலேயே தடுக்கலாம் என்ற நம்பிக்கையும் அந்தக் காலத்தில் பலமாக இருந்தது. மிரோவ்ஸ்கி பதிலுக்குப் பதில் சண்டை போட்டதை விட, வேலையைத் தொடர்ந்ததுதான் அதிகம்.

1972-ல் பிட்ஸ்பர்க் அருகே மெட்ராட் என்ற சின்னக் கம்பெனி நடத்தி வந்த ஸ்டீஃபன் ஹைல்மன் என்ற டாக்டர் கை கொடுத்தார். இரத்தக் குழாய் எக்ஸ்ரே எடுப்பதற்கான கருவிகள் செய்கிற கம்பெனி அது. அங்கே அலோய்ஸ் லாங்கர் என்ற எஞ்சினியர் இருந்தார். நடுக்கோட்டு ஓய்வை அளக்கும் அந்த முறையை உருவாக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கருவியைக் கனவு காண டாக்டர் போதும், செய்து முடிக்க நம்ம ஜாதி வேண்டும்!

1970-களின் நடுவில் கருவியை நாய்க்குள் முழுசாகப் பொருத்தி ஒரு ஃபிலிம் எடுத்தார்கள். நாய் நின்றுகொண்டிருக்கும். வேண்டுமென்றே ஃபிப்ரிலேஷனை உண்டாக்குவார்கள். நாய் பொத்தென்று விழும். சில நொடிகள் அசைவே இருக்காது. உள்ளே இருக்கும் கருவி ஷாக் கொடுக்கும். நாய் எழுந்து நின்று வாலை ஆட்டும்! இதைப் பார்த்தும் சிலர் நம்பவில்லை. விழுந்து எழுவதற்கு நாயைப் பழக்கியிருப்பார்கள் என்று கேலி செய்தார்கள். சரி என்று, படத்தோடு இ.சி.ஜி. ஓடுவதையும் சேர்த்துப் பதிவு செய்து காட்டினார்கள். இ.சி.ஜி.க்கு நடிக்கத் தெரியாதே!

1980 பிப்ரவரி 4

பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆஸ்பத்திரி. கலிஃபோர்னியாவைச் சேர்ந்த ஒரு பெண்மணி. ஏற்கெனவே பல முறை சாவின் வாசல் வரை போய் வந்தவர், மருந்துகள் கைவிட்டவர். அறுவை செய்தவர் லெவி வாட்கின்ஸ். ஒரு ஸ்பிரிங் மின்முனையை இரத்தக் குழாய் வழியாக இதயத்துக்கு மேலே உள்ள பெருஞ்சிரையில் நிறுத்தினார்கள். இன்னொரு மின்முனையை, நெஞ்சைத் திறந்து இதயத்தின் நுனியில் வைத்துத் தைத்தார்கள். கால் கிலோ அளவுக்கு எடையுள்ள பெட்டி வயிற்றுத் தோலுக்கடியில் போயிற்று. எல்லாம் சரி, இது வேலை செய்யும் என்று எப்படித் தெரியும்? அறுவை மேஜையிலேயே அந்த இதயத்தை வேண்டுமென்றே ஃபிப்ரிலேஷனில் தள்ளி, கருவி கவனிக்கிறதா என்று காத்திருந்து பார்க்க வேண்டும். அந்தப் பதினைந்து இருபது நொடிகளில் அந்த அறையில் இருந்தவர்கள் எப்படி மூச்சு விட்டிருப்பார்கள் என்று நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். கருவி கவனித்தது. ஷாக் கொடுத்தது. இதயம் திரும்பியது.

1985-ல் அமெரிக்க அரசின் எஃப்.டி.ஏ. அனுமதி கிடைத்தது. 1989-ல் இன்னொன்றும் நடந்தது. துடிப்புக் கோளாறுக்குக் கொடுத்து வந்த சில மருந்துகள், மாரடைப்பு வந்தவர்களிடம் சாவைக் குறைப்பதற்குப் பதில் கூட்டுகின்றன என்று ஒரு பெரிய ஆய்வு காட்டியது. மருந்தே போதும் என்ற வாதம் ஆட்டம் கண்டது. அடுத்த வருஷம், 1990 மார்ச் 26-ல், 65 வயதில் மிரோவ்ஸ்கி இரத்தப் புற்றுநோய் வகைகளில் ஒன்றான மல்டிபிள் மைலோமாவால் காலமானார்.

அவர் பார்க்காமல் போனது ஒன்று உண்டு. நெஞ்சைத் திறக்காமல், இரத்தக் குழாய் வழியாகவே போகும் லீட். அவர் ஆரம்பத்தில் நினைத்தது அதைத்தான். ஆனால் கருவி மனிதருக்குள் போனபோது மார்பைத் திறக்க வேண்டியதாயிற்று. நெஞ்சைத் திறப்பது என்றால் பல நோயாளிகளால் தாங்க முடியாது. இரத்தக் குழாய் வழி டிஃபிப்ரிலேட்டர் லீட் அமெரிக்காவில் அனுமதி பெற்றது 1993-ல், அவர் போய் மூன்று வருஷம் கழித்து. அதன் பிறகுதான் இந்தக் கருவி பெரிய அளவில் பரவியது. 2002-ல் அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் பெருமை மன்றத்தில் மிரோவ்ஸ்கி, மோவர், ஹைல்மன், லாங்கர் ஆகிய நான்கு பெயர்களையும் ஒன்றாகச் சேர்த்தார்கள். இரண்டு ஆஸ்பத்திரி டாக்டர்கள், ஒரு கம்பெனி நடத்தும் டாக்டர், ஒரு எஞ்சினியர்!

கம்பி இன்னும் கேட்கிற கேள்வி

பெட்டி வருஷா வருஷம் சின்னதாகி, கெட்டிக்காரத்தனமும் ஏறிக்கொண்டே போனது. லீட்? அது இன்றைக்கும் இந்த முழு ஏற்பாட்டின் பலவீனமான கண்ணி. பெட்டியின் பேட்டரி தீர்ந்தால் தோலைக் கீறி மாற்றிவிடலாம். லீட் அப்படி இல்லை. வருஷங்கள் போகப் போக அதைச் சுற்றித் தசைநார் வளர்ந்து, இரத்தக் குழாய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இழுத்து எடுப்பதே ஆபத்தான வேலை.

எங்கெல்லாம் அடிபடும் தெரியுமா? காரை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் நடுவில், கை அசையும்போதெல்லாம் நசுங்கும். பெட்டிக்குப் பக்கத்தில் உராயும். இதயத்துக்குள் வளையும். நேரான கம்பி இதைத் தாங்காது. அதனால்தான் ஸ்பிரிங் மாதிரி சுற்றுகிறோம். சுருளாக இருந்தால் மொத்த லீட் வளைந்தாலும் கம்பியின் ஒவ்வொரு புள்ளியிலும் விழும் ஸ்ட்ரெஸ் குறைவு. கம்பி நிக்கல்-கோபால்ட்-குரோமியம்-மாலிப்டினம் கலந்த உலோகம். துரு பிடிக்காது, ஃபடீக் தாங்கும், ஆனால் மின்தடை அதிகம். ஷாக் மின்சாரத்துக்கு அது ஆகாது. அதனால் உள்ளே வெள்ளி, வெளியே இந்தக் கலவை என்று செய்கிறார்கள். மேலே உறை சிலிக்கோனா, பாலியூரித்தேனா என்பது இன்னொரு தலைவலி. சிலிக்கோன் உடம்புக்குள் நிலைத்து நிற்கும், ஆனால் மிருது, உராய்ந்தால் தேயும். பாலியூரித்தேன் உராய்வைத் தாங்கும், ஆனால் ஆரம்ப காலத்து வகைகள் சில உடம்புக்குள் வெடிப்பு விட்டன.

லீட் பழுதானால் ஷாக் போகாது, அது மட்டும்தானே என்று நினைக்காதீர்கள். உடைந்த கம்பியின் முனைகள் ஒன்றோடொன்று தொட்டுத் தொட்டு விலகும்போது சத்தம் போல ஒரு சிக்னல் கிளம்பும். பெட்டி அதை ஃபிப்ரிலேஷன் என்று நினைத்துக்கொள்ளும். நினைவோடு இருக்கும் மனிதருக்கு ஷாக் மேல் ஷாக். மிரோவ்ஸ்கி அழுத்த சென்ஸார் விஷயத்தில் சமாளிக்க வேண்டியிருந்த அதே ஆபத்து, வேறு வாசல் வழியாக!

2007-ல் மெல்லிய லீட் ஒன்று, உள்ளே கம்பி உடைகிறது என்று சந்தையிலிருந்து நிறுத்தப்பட்டது. அதற்குள் உலகமெங்கும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அதைப் பொருத்தியாகிவிட்டது. மெல்லியதாக இருந்தால் உள்ளே செலுத்த சுலபம் என்று எல்லோரும் விரும்பிய லீட்தான் அது. நினைத்துப் பாருங்கள். வைத்துக்கொண்டிருந்தால் என்றைக்கு உடையுமோ என்ற பயம். எடுக்கப் போனால் அதுவும் ஆபத்து. அவர்கள் என்ன முடிவு எடுப்பார்கள்? 2012-ல் இதயத்தையே தொடாமல் தோலுக்கடியில் மட்டும் லீட் போகும் வகைக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்ததற்கு இந்தக் கவலையும் ஒரு காரணம். அதிலும் லீட் இருக்கிறது, ஆனால் இதயத்தோடு சேர்ந்து ஒரு லட்சம் தடவை ஆட வேண்டியதில்லை. பதிலுக்கு ஷாக் பலம் 80 ஜூல், பெட்டியும் பெரிசு. பொறியியலில் எதுவும் இனாமாகக் கிடைக்காது என்று நம்ம வாத்தியார்கள் சொல்லிக் கொடுத்தது சும்மா இல்லை.

என் கதை கொஞ்சம்

வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம். ஒரு ரீல் கம்பி வந்தது. டென்ஸைல் டெஸ்ட் பாஸ். பருமன் சரி. நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். சுருள் சுற்றும் மெஷினில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் அதை மெஷினில் ஏற்ற மாட்டேன் என்று நின்றுவிட்டார். எனக்குக் கோபம். புது எஞ்சினியர் இல்லையா! ரிப்போர்ட்டைக் காட்டி வாதாடினேன். அவர் பதில் பேசாமல் என்னை மைக்ராஸ்கோப்புக்குக் கூட்டிப் போனார். கம்பியின் நீளம் பூராவும் தலைமுடியில் கோடு கிழித்த மாதிரி ஒரு கீறல். கம்பி இழுக்கும் டை தேய்ந்து போய் விட்ட தடம். ஒரு தடவை இழுத்து உடைக்கும் டெஸ்டுக்கு அந்தக் கீறல் ஒரு பொருட்டே இல்லை. மூன்றரைக் கோடி தடவை வளைக்கும்போது அங்கேதான் வெடிப்பு ஆரம்பிக்கும். இதை உங்க அப்பாவுக்கு வைப்பீங்களா சார் என்று மட்டும் அந்த அக்கா கேட்டார். நான் கையெழுத்தை அடித்துவிட்டு ரீலைத் திருப்பி அனுப்பினேன்.

பி.இ. படித்த எனக்குப் பத்தாவது படித்த அந்த அக்கா சொல்லிக் கொடுத்த பாடம் அது. அதற்கப்புறம்தான் மிரோவ்ஸ்கியைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எத்தனையோ பேர் சொன்னபோதும் அவர் ஏன் விடவில்லை என்று யோசிப்பேன். எனக்குத் தோன்றுவது இதுதான்: அவர் கண் முன்னால் புள்ளிவிவரம் இருக்கவில்லை, ஹெல்லரின் முகம் இருந்தது. காப்பாற்ற முடியாமல் போன ஒரு மனிதர். அதற்கும் முன்னால், வார்ஸாவில் விட்டுவிட்டு வந்த முகங்கள் எத்தனையோ! அவர்களையும் அவரால் காப்பாற்ற முடியவில்லை.

ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த முறை அந்த ஃபடீக் மெஷின் சுற்றும்போது டீ குடிக்கப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாதிரித் துண்டு உடைந்ததும் ரீடிங்கை மட்டும் எழுதிவிட்டுத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். உடைந்த முகத்தை ஒரு தடவை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பாருங்கள். வெடிப்பு எங்கே ஆரம்பித்தது என்று தேடுங்கள். பெரும்பாலும் ஒரு சின்னக் கீறலில்தான் இருக்கும்.

சந்திப்புக்கு வருகிறேன். சீனியர்களில் யாருக்காவது தோளுக்குக் கீழே அந்தச் சின்னப் பெட்டி இருந்தால் கூச்சப்படாமல் சொல்லுங்க. பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆசை. நாங்கள் சுற்றுகிற கம்பி எங்கே போகிறது என்று எங்கள் ஃபாக்டரியில் யாரும் நேரில் பார்த்ததில்லை. திரும்பிப் போய் அந்த அக்காவிடம் சொல்ல வேண்டும்.